ரேடியோவும் அரசியல் பேச்சும்

(இளையரசனேந்தல் படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தைக் கூட்டிய வாலிபத் தோழர்கள் நம்மிடம் வந்து, ரேடியோவில் நடக்கும் அரசியல் பேச்சைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டுமென்று கேட்டபொழுது, நமக்குச் சற்று ஆச்சரியமாகத்தான் இருந்தது. மழை பொய்த்த கஷ்டம், பருத்திக்கு விலையில்லாத கஷ்டம், படித்த பிள்ளைக்கு வேலையில்லாத கஷ்டம் என்று எத்தனையோ இருக்க, ரேடியோவைப் பற்றி என்ன பேச்சு என்று நினைத்தோம். யோசித்துப் பார்த்ததில் அவர்கள் கேட்டது சரியென்றே தோன்றிற்று. ஏனெனில், இந்தக் கஷ்டங்களுக்குக் காரணம் இன்னது, குற்றவாளி இன்னார் என்று நமக்கு யார் சொல்லுகிறார்கள், எப்படிச் சொல்லுகிறார்கள், அதை நாம் ஏன் நம்புகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இவை தீருவதும் தீராமல் இருப்பதும் ஆகும்.

நம்முடைய சிறு வயதில் நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு ரேடியோப் பெட்டி வந்தது. பெட்டி ஆபீசுக்குள் அலமாரியில் இருக்கும். ஒலிபெருக்கிக் குழாய் வெளியே கம்பத்தில் இருக்கும். ஆபீஸ் இருந்தது மேல்தெருவில். மாலையில் திறந்து, இரவுச் செய்தி முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். அலமாரிச் சாவி ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் மடியில் இருக்கும். மேல்தெருக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். சேரியிலிருந்து வந்தவர்கள் புளிய மரத்தடியில் தள்ளி நின்று கேட்பார்கள். சத்தம் இரு பேருக்கும் ஒன்றுபோலத்தான் வந்தது. சத்தத்திற்குத் தீட்டில்லை, பெட்டிக்கு மாத்திரம் தீட்டு! ஒரு நாள் புளிய மரத்தடியில் நின்ற பையன் ஒருவன், “சிலோனை வையுங்கள்” என்று குரல் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான். பெட்டி பூட்டப்பட்டது. இரண்டு நாள்வரை திறக்கப்படவேயில்லை. அந்தப் பையன் கேட்டதில் என்ன தப்பு என்று அன்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. காது எல்லோருக்கும் பொது, சாவி மாத்திரம் ஒருவருக்குச் சொந்தம் என்பதை அன்றைக்குத்தான் நாம் தெரிந்துகொண்டோம். இன்று நாம் சொல்லப்போவதெல்லாம் அந்தச் சாவியைப் பற்றித்தான்.

நிற்க, இந்தச் சாவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். வெள்ளைக்காரன் 1885-இல் ஒரு தந்திச் சட்டம் செய்தான். தந்தியும், பின்னால் கம்பியில்லாத் தந்தியும், சர்க்காருக்கே உரிமை என்பது அதன் சாரம். அந்த உரிமையின் மேல்தான் ரேடியோ வந்தது. 1938-இல் சென்னையிலும், 1939-இல் திருச்சியிலும் நிலையங்கள் ஏற்பட்டன. 1947-இல் வெள்ளைக்காரன் கப்பலேறிப் போனான். சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை, டில்லியில் கொடுத்துவிட்டுப் போனான். வாங்கிக்கொண்டவர்களும் பூட்டை மாற்றவில்லை. 1952-இல் மந்திரியாக வந்த கேஸ்கர் என்பவர், சினிமாப் பாட்டு கேட்டால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று அதற்குத் தடை போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி சிலோனை வைத்தார்கள்! ஐந்து வருஷம் கழித்து, 1957-இல், சர்க்காரே விவித்பாரதி என்று ஆரம்பித்துப் பாட்டுப் போடவேண்டியதாயிற்று. 1963-இல் திருநெல்வேலிக்கும் ஒரு நிலையம் வந்தது. விவசாயிகளுக்கு விதை, உரம், மழை பற்றி அந்நிலையம் சொன்னதெல்லாம் உபயோகமான காரியம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அரசியல் என்று வந்தால், மந்திரி திறந்துவைத்தார், மந்திரி கேட்டுக்கொண்டார், மந்திரி வருத்தம் தெரிவித்தார் என்பதற்குமேல் அந்தப் பெட்டிக்கு வாய் வரவில்லை.

இதன் முழு யோக்கியதையும் 1975-இல் வெளியாயிற்று. ஜூன் 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. டில்லியில் பத்திரிகை ஆபீசுகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. மறுநாள் காலை பிரதம மந்திரி இந்திராகாந்தி அம்மையார் ரேடியோவில் பேசினார். பத்திரிகைக்கு விளக்கணைப்பு, ரேடியோவுக்கு விளக்கேற்றம்! ஜெயிலில் அடைபட்ட எதிர்க்கட்சிக்காரர் எவருக்கும் அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. 1977-தேர்தலில்தான் கட்சிகளுக்கு ரேடியோவில் பேச நேரம் ஒதுக்கும் ஏற்பாடே வந்தது. 1984 அக்டோபர் 31-இல் அதே அம்மையார் காலையில் சுடப்பட்டபொழுது, இந்த நாட்டு ரேடியோ மாலைவரை அவர் மரணத்தைச் சொல்லவில்லை, இலண்டன் பி.பி.சி. அதற்கு முன்பே சொல்லிவிட்டது. தன் வீட்டுச் சாவு அடுத்த தெருக்காரன் சொல்லித் தெரியவேண்டியதாயிற்று. அதனால்தான் நம் பக்கத்துக் கிராமங்களில் இரவு வேளையில் பி.பி.சி.யின் தமிழோசைக்குக் காது கொடுத்து உட்கார்ந்தார்கள். 1941-இல் யுத்த காலத்தில் தொடங்கிய அந்தத் தமிழ் ஒலிபரப்பு 2017-இல் நின்றது. நம்பிக்கை என்பது சட்டம் போட்டு வாங்கக்கூடிய சரக்கல்ல என்பதற்கு அதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை.

1995-இல் சுப்ரீம் கோர்ட்டார், வானலைகள் பொதுச்சொத்து, எந்த சர்க்காருக்கும் ஏகபோகமல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். 1997-இல் பிரசார் பாரதி என்று ஒரு தனி ஸ்தாபனம் ஏற்பட்டது. 2001-முதல் தனியார் எப்.எம். நிலையங்கள் வந்தன. சாவி மாறியதா என்று கேட்டால், பாதிச் சாவிதான் மாறிற்று. தனியார் நிலையம் சினிமாப் பாட்டுப் போடலாம், சிரிப்புக் காட்டலாம், சோப்பு விற்கலாம். சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது, அரசியல் பேசக்கூடாது. 2011-இல் செய்த விதிப்படி, அகில இந்திய ரேடியோவின் செய்தியை அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல், திருப்பிச் சொல்லிக்கொள்ளலாமாம்! சமுதாய ரேடியோ என்று கல்லூரிகளும் சங்கங்களும் நடத்தும் சின்ன நிலையங்களுக்கும் இதே வாய்ப்பூட்டுதான். 2013-இல் இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கே வழக்குப் போயிற்று. 2023-இல் டிராய் என்னும் சர்க்கார் ஸ்தாபனமே, தனியார் ரேடியோ மணிக்குப் பத்து நிமிஷம்வரை செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று சிபாரிசு செய்தது.

தோழர்களே! இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். பத்திரிகை அரசியல் எழுதலாம். டெலிவிஷனில் நாலு பேரை உட்காரவைத்து இரவெல்லாம் கத்தலாம். ரேடியோ மாத்திரம் வாய் திறக்கக்கூடாது என்றால் காரணம் என்ன? பத்திரிகை படிக்க எழுத்து வேண்டும். டெலிவிஷன் பார்க்க உட்கார நேரம் வேண்டும். ரேடியோவோ, எழுத்தறியாதவனுக்கும் கேட்கும். தீப்பெட்டி ஒட்டுகிற பெண்ணுக்கும், களையெடுக்கிறவளுக்கும், லாரி ஓட்டுகிறவனுக்கும் வேலையை நிறுத்தாமலே கேட்கும். அதாவது, அடிமட்டத்து மக்களுக்குச் செலவில்லாமல் எட்டக்கூடிய வாகனம் எதுவோ அதற்குத்தான் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பூட்டைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். திறந்துவிட்ட நாடுகளில் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டியது நம் கடமை.

அமெரிக்காவில் 1949-முதல் ஒரு விதி இருந்தது. ரேடியோ நடத்துகிறவன் சர்ச்சையான பொது விஷயங்களைப் பேசவேண்டும், பேசினால் எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்பது அந்த விதி. 1987-இல் அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே ரஷ் லிம்பா என்னும் பேச்சாளர் நாடு முழுவதற்கும் பேசத் தொடங்கினார். 2021-இல் சாகும்வரை, வார நாட்களில் தினம் மூன்று மணி நேரம் பேச்சு. எதிர்க்கட்சிக்காரரை நையாண்டி செய்வார், கேட்டவர்கள் கோடிக்கணக்கானவர்கள். நேயர்கள் டெலிபோனில் கூப்பிட்டுப் பேசலாம் என்று ஏற்பாடும் உண்டு. ஆனால் கூப்பிட்டவன் நேராகப் பேசிவிட முடியாது. உள்ளே ஒருவர் உட்கார்ந்து, நீ யார், என்ன சொல்லப்போகிறாய் என்று விசாரித்து, வேண்டியவனை மாத்திரம் விடுவார். கூப்பிட்ட பக்தர்கள், முன்னால் பேசியவர் சொன்னதே என் அபிப்பிராயமும் என்பதற்கு அடையாளமாக ‘டிட்டோ’ என்பார்கள். அந்தக் கூட்டத்திற்கே டிட்டோத் தலையர்கள் என்று பேர் வந்துவிட்டது. அதை அவர்கள் அவமானமாகக் கருதவில்லை, பட்டமாகவே வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் தலை கெட்டதோடு நின்றது. ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்னும் சிறு நாட்டில் தலையே போயிற்று. அங்கு சர்க்கார் ரேடியோ நம் ஊர்ப் பெட்டியைப் போல வறட்டு ரேடியோ. 1993-இல் தனியாக ஒரு நிலையம் ஆரம்பித்தார்கள். நல்ல பாட்டு, தெருப் பேச்சு, கேலி, நேயர்களோடு சம்பாஷணை. வாலிபர்கள் அதைவிட்டுக் காதை எடுக்கவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், டுட்சி வகுப்பாரைக் கரப்பான் பூச்சிகள் என்று சொல்லிப் பழக்கினார்கள். 1994 ஏப்ரலில் கொலை தொடங்கியதும், இன்னார் இன்ன இடத்தில் ஒளிந்திருக்கிறார் என்று பேரும் இடமும் வாசித்தார்கள். நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர் மாண்டார்கள். அந்நிலையத்தின் ஸ்தாபகர்களில் ஒருவர் சரித்திரப் பேராசிரியர்! ஐக்கிய நாடுகளின் நியாயஸ்தலம் 2003-இல் அவரைத் தண்டித்தது. அவர் கையில் கத்தி இருந்ததில்லை; ஒலிவாங்கிதான் இருந்தது.

ஆக, சர்க்காரிடம் சாவி இருந்தால் 1975. முதலாளியிடமும் வெறியனிடமும் சாவி கேள்வி முறையில்லாமல் போய்ச் சேர்ந்தால் 1994. இரண்டையும் பார்த்தபின் நாம் கேட்கவேண்டியது, ஜனங்கள் இந்தப் பேச்சுக்கு ஏன் மயங்குகிறார்கள் என்பதே.

கேட்கிறவன் முட்டாள், அதனால் மயங்குகிறான் என்று படித்தவர்கள் சொல்லுவார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ளமாட்டோம். முதலாவது காரணம், அந்தக் குரல் அவனை மதித்துப் பேசுகிறது. தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா அவனை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, பாங்கியில் நாலு தரம் அலையவைக்கிறார்கள், ரேடியோக்காரனோ, “அண்ணே, உங்களுக்குத் தெரியாததா?” என்கிறான். இரண்டாவது, அவனுக்கு ஏற்கனவே இருக்கும் எரிச்சலுக்கு ஒரு பேரும், காட்டுவதற்கு ஒரு எதிரியும் கொடுக்கிறான். விலை இறங்கியதற்குக் காரணம் சொல்ல இரண்டு மணி நேரமும் கணக்கும் வேண்டும். எதிரியைக் காட்ட அரை நிமிஷம் போதும். மூன்றாவது, தினம் ஒரே நேரம், ஒரே குரல். பூஜை மணி போல, வராவிட்டால் வெறிச்சென்று இருக்கிறது. நாலாவது, முகம் தெரியாத குரல் நேரே காதுக்குள் பேசுகிறது. கூட்டத்தில் பேசுகிறவனைப் போல, பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்த்து இது உண்மையா என்று ஒத்துப்பார்க்க வழியில்லை. பசித்தவன் கிடைத்ததைத் தின்கிறான். மரியாதைக்குப் பசித்தவனுக்கு மரியாதை காட்டுகிறவன் விஷத்தையும் ஊட்டிவிட முடியும். ஆகையால் குற்றத்தைப் பசியின்மேல் சுமத்தாதீர்கள். பசியை வைத்திருப்பவர்மேல் சுமத்துங்கள்.

இதெல்லாம் அமெரிக்காவுக்கும் ருவாண்டாவுக்கும் சரி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 1952-இல் பாட்டைத் தடுத்தபொழுது ஜனங்கள் சிலோனுக்குப் போனதுபோலவே, ரேடியோவில் அரசியலைத் தடுத்ததும் ஜனங்கள் செல்போனுக்குப் போய்விட்டார்கள். யூடியூப்பில் ஒரு மேஜை, ஒரு ஒலிவாங்கி, ஒரு ஆசாமி. தினம் அரைமணி நேரம் அரசியல். வாட்சப்பில் ஊர் பேர் தெரியாத ஒருவன் குரல். கேட்டவுடன் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். பேர் எதுவாயிருந்தாலும் காரியம் ரேடியோதான். படம் ஓடிக்கொண்டிருக்கும், பார்ப்பவர் யாருமில்லை. காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அன்று பஞ்சாயத்துக் குழாயை ஊரே கேட்டது. கேட்டபின் திண்ணையிலும் மரத்தடியிலும் வாதம் நடந்தது. இன்று டீக்கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் எட்டுக் காதில் எட்டு ரேடியோ. அவரவர் கட்சி, அவரவர் ஜாதி, அவரவர் எரிச்சல் எதுவோ அதையே அந்த யந்திரம் தேடிக் கொண்டுவந்து ஊட்டுகிறது. எதிர் அபிப்பிராயம் காதில் விழவே வழியில்லாமல் ஒரு மனிதன் வருஷக்கணக்கில் அரசியல் கேட்கலாம் என்ற நிலைமை வந்துவிட்டது.

ஆளுகிறவர்களோ இந்த ருசியைக் கண்டுகொண்டார்கள். அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட் 1933-இல் கணப்படுப்பு அருகில் உட்கார்ந்து பேசுவதுபோல ரேடியோவில் பேசத் தொடங்கினார். அதே வருஷம் ஜெர்மனியில் ஹிட்லர் சர்க்கார், ஏழைக்கும் கட்டுப்படியாகட்டுமென்று 76 மார்க்கு விலையில் ஜனங்கள் ரேடியோவைக் கொண்டுவந்தது. ஆறு வருஷத்தில், அயல்நாட்டு ரேடியோவைக் கேட்பதையே குற்றமாக்கிற்று. நம் நாட்டில் பிரதமர் மோடி 2014 அக்டோபர் 3-ந் தேதி மனதின் குரல் என்று தொடங்கி, மாதந்தோறும் பேசிவருகிறார். 2023 ஏப்ரல் 30-இல் நூறாவது பேச்சு. அதில் சுத்தம், தேர்வு, தண்ணீர் என்று நல்ல விஷயங்களும் உண்டு. கடிதம் எழுதலாம், டெலிபோனில் பதிவு செய்யலாம் என்கிறார்கள். ஆனால் எந்தக் கடிதத்தை வாசிப்பது என்பதை வாசிக்கிறவர் தரப்பே தீர்மானிக்கிறது. நம் மாகாணத்தை ஆண்ட முதலமைச்சர் ஸ்டாலினும் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்காகப் பேசுகிறேன் என்று தம் குரலைப் பதிவு செய்து பரப்பினார். அவர் கொள்கை நமக்கு எவ்வளவு சமீபமாயிருந்தாலும் சரி, இவர் கொள்கை எவ்வளவு தூரமாயிருந்தாலும் சரி, முறை ஒன்றுதான். ஒருவர் பேச, கோடிப் பேர் கேட்டுக்கொண்டிருப்பது. கதாகாலட்சேபத்தில் பாகவதர் சொல்லுவதை நடுவில் நிறுத்தி, “அது எப்படி சுவாமி?” என்று எவனும் கேட்பதில்லை அல்லவா? கேட்காமல் கேட்பதால்தான் அது காலட்சேபம்.

தோழர்களே! நம் தமிழில் ஒரு விசேஷம் இருக்கிறது. காதால் கேட்பதற்கும் கேட்பது என்றே சொல்லுகிறோம். வாயால் கேள்வி போடுவதற்கும் கேட்பது என்றே சொல்லுகிறோம். உரிமையைக் கோருவதற்கும் அதே வார்த்தைதான். நம்மை ஆளுகிறவர்களும் நமக்குப் பேசுகிறவர்களும் அந்த வார்த்தையில் முதல் பங்கை மாத்திரம் நமக்குக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

உங்கள் ஊர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் இளையரசனேந்தல் பிர்க்காவைச் சங்கரன்கோவில் தாலுகாவிலிருந்து எடுத்துக் கோவில்பட்டி தாலுகாவில் சேர்த்தார்கள். பஞ்சாயத்துகளையோ குருவிகுளம் யூனியனிலேயே விட்டார்கள். 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆனதும், பட்டாவுக்குத் தூத்துக்குடி மாவட்டம், தெருக் குழாய்க்குத் தென்காசி மாவட்டம் என்று ஆயிற்று. ஒரே மனிதனின் தலை ஒரு மாவட்டத்தில், கால் ஒரு மாவட்டத்தில்! இதற்காக நீங்கள் மனுக் கொடுத்தீர்கள், போராட்டம் நடத்தினீர்கள். நாம் உங்களை ஒன்று கேட்கிறோம். உலக அரசியலெல்லாம் காதில் கொட்டும் இத்தனை குரல்களில், இந்த விஷயத்திற்காக ஒரு அதிகாரியை ஒலிவாங்கி முன்னால் உட்காரவைத்து, உங்களில் ஒருவர் நேருக்கு நேர் கேள்வி கேட்க, அவர் பதில் சொல்லியதை எந்தக் குரலிலாவது கேட்டவர்கள் இருந்தால் கை தூக்குங்கள். (ஒருவரும் தூக்கவில்லை.) அமெரிக்கத் தேர்தலில் எவன் ஜெயிப்பான் என்பது உங்களுக்குத் தெரிகிறது. உங்கள் தெருக் குழாய்க்கு எந்தக் கலெக்டர் என்பதைச் சொல்ல ஒரு ரேடியோ இல்லை. இதுதான் இன்றைய ரேடியோ அரசியலின் யோக்கியதை.

ஆகவே என்ன செய்யவேண்டும் என்பதில் நம் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறோம்.

முதலாவது, தனியார் ரேடியோவும் சமுதாய ரேடியோவும் செய்தி சொல்லவும் அரசியல் பேசவும் உரிமை வேண்டும். பத்திரிகைக்கு என்ன சட்டமோ அதே சட்டம் இதற்கும் போதும். பேசுமுன் வாயைக் கட்டக்கூடாது. கொலைக்கும் கலகத்திற்கும் தூண்டினால் பேசியபின் கோர்ட்டில் நிறுத்தவேண்டும்.

இரண்டாவது, பொதுப்பணத்தில் நடக்கும் ரேடியோவில் ஆளுகிறவர் எத்தனை நிமிஷம் பேசுகிறாரோ, அத்தனை நிமிஷம் எதிர்ப்பவருக்கும் கொடுக்கவேண்டும். அதோடு, பொறுக்கியெடுக்காத கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லவேண்டும். பதில் சொல்லத் தைரியமில்லாதவருக்கு ஒலிவாங்கி எதற்கு?

மூன்றாவது, ரேடியோவானாலும் யூடியூப் ஆனாலும், பேசுகிறவன் யார் பணத்தில் பேசுகிறான் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லவேண்டும். பால்காரன் தண்ணீர் கலந்தால் அபராதம் போடுகிறோம். பேச்சில் கலந்த பணத்திற்கும் ஒரு அளவுகோல் வேண்டாமா?

நாலாவது உங்கள் கையில் இருக்கிறது. அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள் இந்தப் படிப்பகத்தில் சேர்ந்து உட்கார்ந்து, காதில் மாட்டுவதைக் கழற்றிவிட்டு, ஒரு பேச்சை எல்லோரும் கேளுங்கள். அதற்கு எதிரான பேச்சையும் அன்றைக்கே கேளுங்கள். கேட்டபின் மூன்று கேள்வி போடுங்கள். இவனுக்கு இது எப்படித் தெரியும்? இது பொய்யானால் எப்படிக் கண்டுபிடிப்பது? இதை நாம் நம்பினால் யாருக்கு லாபம்? இந்த மூன்றுக்கும் நிற்காத பேச்சை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பெண்களும் வரட்டும், கீழ்த்தெரு மேல்தெரு என்றில்லாமல் ஒரே பாயில் உட்காருங்கள். புளிய மரத்தடியில் இனி ஒருவரும் நிற்கக்கூடாது.

கடைசியாக, இவ்வளவு நேரமாக நாமும் ஒலிபெருக்கியில் ஒரு பக்கமாகத்தான் பேசினோம். நீங்களும் கைதட்டினீர்கள். கைதட்டியதால் நாம் சொன்னது உண்மையாகிவிடாது. நாம் சொன்னதிலும் தப்பு இருக்கலாம். உங்கள் புத்தியில் போட்டு அலசிப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள். மணி ஒன்பது ஆகிறது; கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் சீட்டில் எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்கள் எழுந்து நின்று பேசுங்கள். எந்தச் சீட்டையும் தலைவர் ஒளித்துவைக்கமாட்டார். இனி நாம் வாயை மூடிக்கொள்ளுகிறோம், நீங்கள் கேளுங்கள்.